ஒரு நாள் ஜிங்க் மாத்திரை போடாவிட்டால் செல்கள் பட்டினியா?

"உடம்பு ஜிங்க்கைச் சேமிக்காது. ஒரு நாள் குறைந்தாலும் செல்கள் பட்டினி கிடக்கும், தினம் 50 மில்லிகிராம் மாத்திரை போடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பெரிய சேமிப்பு இல்லை என்பதுவரை சரி. மீதி தவறு.

சிறுகுடல் செல்களின் மேற்பரப்பில் ஜிப்4 என்றொரு புரதம் உண்டு. துத்தநாகம், அதாவது ஜிங்க், உள்ளே நுழையும் வாசல் அதுதான். சாப்பாட்டில் துத்தநாகம் குறைந்தால் இந்த வாசல்கள் பெருகும். கிடைப்பதில் கூடுதல் பங்கு உள்ளே போகும், குடல் வழியாக வெளியேறுவதும் குறையும். தாராளமாக வந்தாலோ, செல் அதே ஜிப்4-ஐ உள்ளிழுத்துச் சிதைத்துவிடும். மெட்டலோதயோனின் என்ற இன்னொரு புரதம் மிகுதியைப் பிடித்துவைக்கும். வம்பு இங்கேதான்: அது செம்பை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். சில நாளில் அந்தச் செல் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். நீண்டநாள் அதிக ஜிங்க் எடுத்தவர்கள் சிலருக்குச் செம்பு குறைந்து ரத்தசோகை வருவது இப்படித்தான்.

மாதக்கணக்கில் பற்றாக்குறை நீடித்தால் இந்தச் சமாளிப்பு போதாது, உண்மை. அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். வயிற்றுப்போக்கில் குழந்தைக்கு அவர் எழுதித்தரும் ஜிங்க்கை நிறுத்திவிடாதீர்கள்.

அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச்-இன் இணையதளத்தில், துத்தநாகம் பற்றிய பக்கத்தைப் பாருங்கள்: பெரியவர்களுக்கு உச்ச வரம்பு நாளுக்கு 40 மில்லிகிராம். செய்தி சொல்லும் அளவே அதைத் தாண்டுகிறது. தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.