தவணையில் வந்த நடுத்தர வர்க்கம்
வீட்டில் பைக், வாஷிங் மெஷின், ஸ்மார்ட்போன் இருந்தால் அந்தக் குடும்பம் நடுத்தர வர்க்கத்துக்கு வந்துவிட்டது என்று நடுத்தர வர்க்கத்தின் வளர்ச்சி பற்றிய இந்தக் கட்டுரை கணக்குப் போடுகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைக்கிற பல வீடுகளில் இந்த மூன்றும் உண்டு, எல்லாம் தவணையில் வந்தவை. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்த வேகத்தில் குழுக்கடன், ஃபைனான்ஸ், வாடகை என்று போய்விடும். ஆர்டர் குறைந்து ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனால் தவணை நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்றதும் மகளுக்குச் சேர்த்த நகைதான் முதலில் அடகுக்குப் போனது. வாங்கும் சக்தி அடிப்படையில், அதாவது நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசியைச் சரிக்கட்டி, நாளுக்கு 10 முதல் 20 டாலர் வருமானம் உள்ளவர்களை நடுத்தரம் என்று எடுத்துக்கொண்ட அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம், கொரோனாவால் 2020இல் இந்தியாவில் அந்தப் பிரிவில் சுமார் 3.2 கோடி பேர் குறைந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது. ஒரே வருடத்தில்! மேலே கருத்து எழுதிய ஒருவர், கடன் கிடைப்பதே வளர்ச்சிதானே என்கிறார். கிடைக்கட்டும், கந்துவட்டிக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ள வேலையா, வேலை போனால் ஆறு மாதம் தாங்குமா என்று பார்த்து எண்ணுங்கள், பொருளை வைத்து எண்ணாதீர்கள்.