எம்.ஏ. வேறு, எம்.சி.டி.எம். வேறு

நேற்றிலிருந்து அந்தப் படத்தை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் என்று சேப்பாக்கம் மைதானத்து எம்.ஏ.சிதம்பரத்தின் படத்தைப் போட்டு, பக்கத்தில் கொட்டை எழுத்தில் "தமிழன்டா". வங்கியைத் தொடங்கியவர் அவர் இல்லை, எம்.சி.டி.எம்.சிதம்பரம் செட்டியார் என்று மரியாதையாகத்தான் கீழே திருத்தம் எழுதினேன். "இனிஷியலுக்கெல்லாமா சண்டை பெரியவரே" என்று பதில் வந்தது. அதற்கு ஏகப்பட்ட சிரிப்புப் பொம்மைகள்.

இனிஷியல் இல்லை தம்பி, விலாசம். எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் கடைக்கும் குடும்பத்துக்கும் அதுதான் பேர். தெருவுக்கு நாலு சிதம்பரம் இருக்கிற ஊரில் எந்த வீட்டுச் சிதம்பரம் என்று சொல்வது அந்த எழுத்துகள்தான். உண்டியலில், அதாவது பணம் கொடுக்கச் சொல்லி எழுதுகிற சீட்டில், விலாசம் சரியாக இருந்தால்தான் அக்கரையில் பணம் எண்ணிக் கொடுப்பார்கள். வங்கி தொடங்கிய 1937 பிப்ரவரி 10 அன்று எம்.ஏ.சிதம்பரத்துக்கு வயது 18. அவரும் பெரிய மனிதர்தான், சென்னை மேயர், கிரிக்கெட் வாரியத் தலைவர், அதற்கு மைதானத்தில் பேர் இருக்கிறது. எம்.சி.டி.எம். செய்ததையும் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டால் இவருக்கு என்ன மிச்சம்?

இவருக்கும் அப்போது 28 வயதுதான். காரைக்குடி, சென்னை, ரங்கூன், மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவைத் திறக்கிறார். ரங்கூனை மட்டும் யோசித்துப் பாருங்கள். ஏழே வாரத்தில், ஏப்ரல் 1 அன்று, பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்து தனி நிர்வாகமாகப் போகிறது. அந்த நேரத்தில் அந்நியச் செலாவணியும் கடல்கடந்த வங்கித் தொழிலும்தான் என் வேலை என்று ஒருத்தர் இறங்குகிறார். வெள்ளைக்கார வங்கிகள் கையில் இருந்த வேலை அது. அப்புறம் பினாங்கு, சிங்கப்பூர்.

என் ஐயா பினாங்கில் ஒரு கிட்டங்கியில், செட்டியார்கள் கடை வைத்துத் தொழில் நடத்துகிற கட்டடத்தில், அடுத்தாளாக, அதாவது முதலாளின் உதவியாளாக இருந்தவர். பெட்டியடியில், கணக்கெழுதுகிற பெட்டிக்கு முன்னால், சம்மணம் போட்டு உட்கார்ந்து ராத்திரி விளக்கில் ஐந்தொகை, அதாவது வரவுசெலவு முடிவுக் கணக்கு, எழுதியவர். அவருடைய தகரப்பெட்டியில் ஒரு பாஸ்புத்தகம் இருக்கிறது, அட்டை கரையான் அரித்தது போக பாதிதான் மிச்சம். மூலையில் பென்சிலால் "எம்.சி.டி.எம். பாங்கு" என்று எழுதி வைத்திருக்கிறார். வங்கியின் பேரை அவர் ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை, விலாசத்தைத்தான் சொல்வார்.

"சாதிப் பெருமை" என்று ஒருவர் எழுதியிருந்தார். தப்பான பேரைச் சரியாகச் சொல்லுங்கள் என்று கேட்பது எப்படி ஐயா சாதிப் பெருமை ஆகும்?

இன்னொருவர், "பர்மாக்காரன் நிலத்தை வட்டிக்குப் பிடுங்கியவர்கள்தானே நீங்கள்" என்கிறார். 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். 1937 வாக்கில் 25 சதவீதம். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, நிலமாக வந்து சேர்ந்தது. அந்த விவசாயிக்கு அது வயிற்றில் அடித்தது போலத்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் யாரும் உள்ளே வந்து கணக்குத் திறக்கிற வங்கியை ஒருத்தர் கட்டி, காப்பீட்டில் இறங்கி, பெரும்பாவூர்ப் பக்கம் திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலையையும் எழுப்பிய பிறகும் அவரையும் வட்டிக்காரர் என்றுதான் சொல்வீர்களா? பள்ளிக்கூடத்தில் என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "ஏய் வட்டி" என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, நேற்று அந்தச் சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்தபோது அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

எங்கள் ஆட்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. பேரேடுகளை எடைக்குப் போட்டோம், தேக்குத் தூணைப் பெயர்த்து விற்றோம், பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் எவனோ தப்பாகப் படம் போடும்போது பதில் சொல்ல ஆள் இல்லை.

1954 மார்ச் 13, சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையம். இறங்கும்போது விமானம் மோதித் தீப்பிடித்தது, பயணிகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. எம்.சி.டி.எம்.முக்கு 45 வயது. 1969-இல் அரசு எடுத்துக்கொண்ட 14 வங்கிகளில் அவருடையதும் ஒன்று, அதைப் பார்க்க அவர் இல்லை. விபத்துச் செய்தி வந்த அன்று ஐயா இலையில் கைவைக்காமல் எழுந்துவிட்டார் என்று அப்பத்தா சொல்லும்.

படத்தை மாற்றச் சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறேன், இதுவரை மாற்றவில்லை. ஐயாவின் பாஸ்புத்தகத்தை முதல் கமெண்ட்டில் போட்டிருக்கிறேன். மூலையில் அந்தப் பென்சில் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.