பர்ட்டன் முகத்தில் கை வைக்காதீர்கள்

நேற்று நடந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். பழைய ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, இப்படி ஒரு முகத்தைத் திரையில் வேறெங்கும் கண்டதில்லை என்று ஆசையாக எழுதியிருந்தேன். நண்பர் ஒருவர் அதே படத்தை எடுத்து, கன்னத்துக் குழிகளையெல்லாம் வழித்துத் துடைத்து, "இப்போதுதான் அழகன்" என்று கீழே ஒட்டிவிட்டுப் போனார். அதற்கு எத்தனை கைதட்டல்கள்!

அது பர்ட்டன் இல்லை. ஜவுளிக்கடை வாசலில் வேட்டி கட்டி நிறுத்தியிருக்கும் பொம்மை.

பர்ட்டன் 1925-இல் பிரிட்டனின் தெற்கு வேல்ஸில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பன்னிரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர். இரண்டு வயது நிரம்புவதற்குள் தாய் இறந்துவிட, போர்ட் டால்பட்டில் அக்காதான் வளர்த்தார். முதலில் பேசிய மொழி வேல்ஸின் வெல்ஷ். ஆங்கிலம் பிறகு வந்தது. இளமையில் வந்த பருக்கள் குழிகளை விட்டுச் சென்றன. அந்தக் கன்னத்தோடுதான் ஹாலிவுட்டில் நாயகனாக நின்றார்.

1965-இல் வந்த 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். பெர்லின் எல்லைச் சாவடி, இரவு. பிரிட்டிஷ் உளவாளியாக வரும் பர்ட்டன், கிழக்கு பெர்லினிலிருந்து தன் ஆள் வருவதற்காகக் காத்திருக்கிறார். பேச்சு அதிகமில்லை. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அந்தக் குழிகளில் நிழல் தேங்குகிறது. மேலே, தூக்கம் மறந்த கண்கள். எத்தனை ஆண்டுக் களைப்பு அந்த முகத்தில்! அந்த நிழலைத் துடைத்துவிட்டு எதை ரசிப்பீர்கள்?

"ஒரு பெண் ஓர் ஆணின் அழகை இப்படி வெளிப்படையாகப் பேசலாமா?" என்பார்கள். பேசுவேன். "நம் ஊரில் நடிகர்களே இல்லையா?" இருக்கிறார்கள், அவர்களையும் ரசிக்கிறேன். "பெரிய குடிகாரர் ஆயிற்றே?" ஆமாம், குடித்தார், 58 வயதிலேயே போய்ச் சேர்ந்தார். எனக்கும் அதில் வருத்தம்தான். அதற்காக அவர் முகத்தைத் திருத்தும் உரிமை உங்களுக்கு வந்துவிடுமா?

"விளையாட்டாகச் செய்ததற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்றும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வரன் பார்த்த நாள்களில் ஸ்டூடியோக்காரர் கேட்காமலேயே என் கன்னத்துத் தழும்புகளை அழித்துக் கொடுத்தார். அத்தை படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்போதுதான் லட்சணமாக இருக்கிறாள்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்து வந்தவர்கள், என்னை நேரில் கண்டதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. உங்களுக்கு இது விளையாட்டாக இருக்கலாம். எனக்கு இல்லை.

பிறகு ஒரு டிவி சேனலில் நள்ளிரவில் பர்ட்டனைப் பார்த்தேன். குழி விழுந்த கன்னத்தை கேமரா இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு மரியாதையாகக் காட்டும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

"குரல்தான் அவர் சொத்து, முகமில்லை" என்று எழுதியவருக்கும் ஒரு வார்த்தை. குரலை யார் மறுத்தார்கள்? குரலுக்காகக் கொண்டாடுகிறவர்கள் முகத்துக்காக ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? ஏழு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைத்துவிட்டு ஒருமுறைகூடத் தரவில்லை. 'ஹூஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜினியா வுல்ஃப்?' படத்துக்காக எலிசபெத் டெய்லருக்குக் கிடைத்தது. படத்திலும் வாழ்க்கையிலும் அவர் கணவரான இவருக்குக் கிடைக்கவில்லை. தளர்ந்த தோள், மூக்குக்கண்ணாடி, அதே கன்னம். அந்தப் படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள்.