ஆயுத பூஜைக்கு வாளைத் தேய்க்காதீர்கள்

ஆயுத பூஜைக்கு இன்னும் சில வாரம்தான். வீட்டில் தாத்தா காலத்து வாளோ கட்டாரியோ இருக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அதைத் தேய்க்காதீர்கள். புளி வேண்டாம், செங்கல் பொடி வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையில் கொடுத்து, "சும்மா கிரைண்டர்ல ஒரு ஓட்டு ஓட்டிக் குடுங்கண்ணே" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு ஓட்டில் இருநூறு வருஷம் போய்விடும்.

நான் பழைய வாள், குத்துவாள் சேர்க்கிறவன். மதுரையில் உட்கார்ந்துகொண்டு உலகத்து வாள்களைச் சேர்க்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும், காரைக்குடி பக்கத்தில் இருப்பதால். முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் பீங்கான் ஜாடிக்கும் மரத்தூணுக்கும் நடுவே பொறுமையாகத் தேடினால், ரங்கூனிலிருந்து திரும்பிய குடும்பத்தோடு வந்த பர்மா வாள் கிடைக்கும். கைக்காப்பே இல்லாத நீளமான பிடி, லேசான வளைவு, வெள்ளித் தகடு சுற்றிய உறை. மலாயாவில் வட்டித் தொழில் செய்தவர் வீட்டிலிருந்து கிரிஸ் என்கிற மலாய்க் குத்துவாள் வரும். பட்டாளத்திலிருந்து வந்தவர் வீட்டிலிருந்து குக்ரி, அதாவது கூர்க்காக்களின் வளைந்த கத்தி வரும். கப்பலேறிப் போன ஊர்க்காரர்கள் திரும்பும்போது கொண்டுவந்தவை இவை. நான் எங்கேயும் போகவில்லை, அவைதான் வந்தன.

ஆனால் வருகிறவற்றில் பாதி தேய்த்துத்தான் வருகின்றன. மீதிப் பாதியில் பொட்டு இருக்கும்.

பொட்டு என்றால் நிஜமாகவே பொட்டு. மேலூர் பக்கம் ஒரு வீட்டில் பார்த்த தல்வார் என்கிற வளைந்த வாளைச் சொல்கிறேன். வட்டத் தட்டு வைத்த இரும்புப் பிடி, நல்ல வளைவான அலகு. அலகின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாகக் குழி. முதலில் பார்க்கிறவர் அலங்கார வேலை என்றே நினைப்பார். வருஷா வருஷம் அதே இடத்தில் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைத்து, அடுத்த பூஜை வரை அப்படியே விட்டிருக்கிறார்கள். சந்தனத்தின் ஈரம் இரும்பைத் தின்றிருக்கிறது. நுனி ஒரு விரற்கடைக்கு மூளியாக இருந்தது, அது எலுமிச்சம்பழம் குத்தி வைத்த இடம். பழம் காய்ந்து கருகும்வரை எடுக்க மாட்டார்கள், எடுத்தால் சாமி குற்றமாம். அந்த வீட்டுப் பெரியவர் என்னிடம் பெருமையாகத்தான் காட்டினார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவ்வளவு பக்தியாக வைத்திருந்ததால்தான் அந்த வாள் பேரீச்சம்பழக்காரனிடம் போகாமல் தப்பித்தது.

துரு என்றால் அழுக்கு என்று நினைக்கிறோம். பழைய வாளில் துருவும் சாட்சிதான். ஜப்பான்காரர்களைப் பாருங்கள். கட்டானாவின் அலகைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார்கள், அதற்கென்றே தலைமுறை தலைமுறையாகக் கல்லில் தேய்த்து மெருகேற்றும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அதே வாளில் பிடிக்குள் போகும் அடிப்பகுதியை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். கொல்லனின் கையெழுத்து அங்கேதான் இருக்கும். அதன்மேல் படிந்த துருவின் நிறத்தையும் தன்மையையும் வைத்து வாளின் வயதைக் கணிப்பார்கள். அறியாமல் யாராவது அதைச் சுத்தம் செய்துவிட்டால் வாளின் மதிப்பு அத்தோடு சரிந்துவிடும்.

நம் பக்கத்து வாளில் இதைவிடப் பெரிய விஷயம் இருக்கலாம். ஊட்ஸ் எஃகு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடியதற்கு மூலப்பொருள் தென்னிந்தியாவிலிருந்தும் போனது. ஈரோடு மாவட்டம் கொடுமணலிலும், விழுப்புரம் பக்கம் மேல்சிறுவளூரிலும் அந்த எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மூசை என்கிற உருக்கும் சின்ன மண் குப்பிக்குள் இரும்புத் துண்டு, ஆவாரம் விறகு, மேலே எருக்க இலை வைத்து, களிமண்ணால் வாயை அடைத்து உலையில் வைப்பார்கள் என்று சேலம் பக்கம் நேரில் பார்த்த வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். விறகிலும் இலையிலும் உள்ள கரி இரும்புக்குள் இறங்கும். நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரி ஏறிய எஃகு கிடைக்கும். அதை மெல்ல ஆறவிட்டு, அதிகம் சூடேற்றாமல் நிதானமாக அடித்தால் அலகு முழுக்கக் கோலம் விழும், வைகை மணலில் தண்ணீர் வடிந்த பிறகு தெரியுமே, அந்த மாதிரி. இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தில் பெயர் வாங்குவதற்கு முன்பே இந்த எஃகை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டவர்.

இந்தக் கோலம் மேல்பூச்சு கிடையாது, இரும்புக்குள்ளேயே இருப்பது. அதனால் லேசாகத் தேய்த்து மறைந்தால் விஷயம் தெரிந்தவர் திரும்பவும் கொண்டுவந்துவிடலாம். ஆனால் கிரைண்டர் வேறு கதை. அலகின் வடிவம் போகும், முதுகில் வெட்டிய எழுத்து போகும். பிடியில் பதித்த தங்க வேலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரும்பில் நுணுக்கமாகக் கீறல் போட்டு அதன்மேல் மெல்லிய தங்கக் கம்பியையோ தகட்டையோ அடித்து ஒட்டவைப்பதுதான் அந்த வேலை. உப்புத்தாளுக்கு முன்னால் அது ஐந்து நிமிஷம் தாங்காது. போனது போனதுதான்.

"அப்ப சாமிக்கு வைக்கிறதை அழுக்காவா வைக்கிறது?" என்று எங்கள் சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஜாவாவில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அங்கேயும் கிரிஸ் என்பது வெறும் ஆயுதம் இல்லை, உயிருள்ள குலச்சொத்து. சூரோ என்கிற ஜாவா மாதத்தில் சடங்காகவே கழுவுவார்கள். நம்மைப் போலவே எலுமிச்சைச் சாறுதான் பயன்படுத்துகிறார்கள், கூடவே ஆர்செனிக் என்கிற பாஷாணமும் உண்டு. ஆனால் சாறு தன் வேலையை முடித்ததும் நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூசி உறையில் போடுகிறார்கள். அலகின் இரும்பு கருக்கும், நடுவே கலந்த நிக்கல் வெள்ளையாக நிற்கும், கோலம் பளிச்சென்று தெரியும். 2005இல் யுனெஸ்கோ இந்தோனேசிய கிரிஸை மானுடப் பண்பாட்டு மரபு என்று அறிவித்தது. பூஜையும் நடக்கிறது, அலகும் பிழைக்கிறது. அதே எலுமிச்சையை வைத்துத்தான் நாம் நுனியை மூளியாக்குகிறோம்.

அதற்காக அழகர்கோயில் பதினெட்டாம்படி கருப்பணசாமிக்குக் காணிக்கை வைக்கும் அரிவாள்களை நான் சொல்லவில்லை. அவை புதிதாக அடித்துச் சாமிக்கென்றே கொடுப்பவை. எண்ணெயோ சந்தனமோ மாலையோ, எல்லாம் அவர் இஷ்டம். சேகரிக்கிறவனுக்கு அங்கே வேலை இல்லை. நான் சொல்வது பரண்மேல் கிடந்து வருஷத்துக்கு ஒருநாள் கீழே இறங்குகிற பழைய வாளை.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், நம் பக்கம் மிஞ்சியதே கொஞ்சம். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801இலேயே, டிசம்பர் 1ஆம் தேதி, சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கவும் பிரகடனம் போட்டார். ஊர் ஊராக ஆயுதங்களைப் பறித்தார்கள். சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி என்கிற வளைந்த எறிகோலை வீசவும் கற்றுக்கொடுத்ததாக எழுதிய கம்பெனிப் படையின் கர்னல் வெல்ஷ், அதே மருதுவை எதிர்த்துப் போரிட்ட படையிலும் இருந்தார். அப்புறம் தஞ்சாவூர். 1855இல் கடைசி மராத்திய மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபின் அரண்மனை ஆயுதசாலை கலைந்தது. நல்லவற்றில் கொஞ்சம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது, நிறையப் பொருள்களை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். தஞ்சாவூர்க் கட்டாரிகளை இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். இரண்டு குறுக்குக் கம்பியை முஷ்டிக்குள் பிடித்து நேராகக் குத்துகிற வடிவம், கைக்கு மேலே கப்பல் பாய் மாதிரி விரியும் காப்பு. பலவற்றில் அலகு மட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்த வாளிலிருந்து வெட்டி எடுத்தது. கடல் தாண்டி வந்த இரும்பை நம்மூர்க் கொல்லர் தன் பிடியில் பொருத்தியிருக்கிறார்.

கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. ரிசார்ட்டுக்கும் ஹோட்டல் வரவேற்பறைக்கும் வாங்குகிறவர்கள் பளபளப்பைத்தான் கேட்கிறார்கள், அதனால் மெஷினில் மெருகேற்றி, பஃப் அடித்துத்தான் விற்க வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். சரி, வியாபாரம். ஆனால் பஃப் அடித்த பழைய வாளுக்கும், வடக்கே புதிதாகச் செய்து ஆசிட் ஊற்றிப் பழசாக்கிய வாளுக்கும் வித்தியாசம் காட்டுவது கஷ்டம். உங்கள் கடையின் அசல் சரக்கை நீங்களே போலியின் வரிசையில் நிறுத்துகிறீர்கள். என்னை மாதிரி ஆட்கள் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவோம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு துணியில் விட்டு அலகில் மெல்லியதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்காகி அழுக்கைப் பிடிக்கும். விரலில் ஒட்டுகிற செம்பொடித் துரு இருந்தால் அதுதான் தின்றுகொண்டிருக்கும் துரு. எண்ணெயில் ஊறவிட்டு மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டலாம். கருத்து, பழுத்து, கையில் ஒட்டாமல் இருப்பதை விட்டுவிடுங்கள். தோல் உறைக்குள்ளேயே வருஷக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும். தல்வார் பிடி ஆடுகிறது என்று நெருப்பில் காட்டாதீர்கள், உள்ளே அரக்கு ஊற்றித்தான் நிறுத்தியிருப்பார்கள், உருகி வழிந்துவிடும். பொட்டு வைக்க வேண்டுமா, உறையை வைத்து உறைக்கு வையுங்கள். எலுமிச்சம்பழத்தைக் குத்தாமல் பக்கத்தில் தட்டில் வையுங்கள். எந்தச் சாமியும் கோபிக்காது.

2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் திப்பு சுல்தானின் வாள் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனதிலிருந்து, "எங்க வீட்டு வாள் எவ்வளவு போகும் சார்" என்று இன்பாக்ஸில் வந்துகொண்டே இருக்கிறது. அந்த வாள் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்குப் பதிவு இருந்தது. உங்கள் வாளுக்கும் அப்படி ஒரு தாள் எழுதி வையுங்கள்: யார் வைத்திருந்தார், எந்த ஊர், யார் சொன்னது. நூறு வருஷம் தாண்டிய பொருள் 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தந்தப்பிடி என்றால் வனவிலங்குச் சட்டமும் சேரும். வாள் ஆயுதச் சட்டத்திலும் வருகிறது, வாங்குவதற்கு முன்னால் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது.

படம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அலகு முழுதாக ஒன்று, பிடி ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று, வெயிலில் சாய்த்துப் பிடித்து ஒன்று. தேய்ப்பதற்கு முன்னால் எடுத்த படமாக இருக்கட்டும். விலை மட்டும் கேட்காதீர்கள்.