ஏழு வகையா? நாங்கள் ஐந்தோடு நின்றுவிட்டோம்

ஒரே நாளில் ஏழு வகை மீன் தூண்டிலில் விழுந்ததாக நீங்கள் எழுதியதைப் படித்து வயிறு எரிந்தது. போன மாதம் நானும் மச்சானும் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஊர்க்குளத்தில் காலையிலேயே உட்கார்ந்தோம். மண்புழுவுக்கு முதலில் வந்தது ஜிலேபி. 1952இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த மீன், இன்று எந்தக் குட்டையிலும் அதுதான். அதையெல்லாம் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது மச்சான் கட்சி. நான் சேர்த்துக்கொண்டேன்.

கோதுமை மாவுக்குக் கெண்டையில் இரண்டு வகை, கரையோரம் ஒரு ஆரால், இருட்டும் நேரத்தில் கெளுத்தி. கொக்கியைக் கழற்றும்போது கெளுத்தியின் பக்கமுள் கட்டைவிரலில் ஏறி, ராத்திரி முழுக்க விண்விண் என்று தெறித்தது. ஈரத்துணி போட்டுப் பிடித்திருக்க வேண்டும், அவசரம்.

விரால்தான் ஏமாற்றிவிட்டது. தாமரை இலை ஓரம் மூச்சு வாங்க மேலே வரும், 'க்ளக்' என்று ஒரு சத்தம், அப்புறம் நாலு குமிழி. சின்னத் தவளையைக் கோத்து இலைமேல் மெதுவாக இழுத்துப் பார்த்தோம், ம்ஹூம். சரி, நீங்கள் பிடித்த ஏழில் விராலும் உண்டே, அதற்கு என்ன இரை போட்டீர்கள்? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே!