திரையில் இருப்பதையே வாசிப்பதற்கு ஆசிரியர் எதற்கு?

ஒரு ஸ்லைடில் பன்னிரண்டு வரி. பன்னிரண்டும் முழு வாக்கியம். ஆசிரியர் திரையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார், வகுப்புக்குத் தெரிவது அவர் முதுகு மட்டும். முதல் வரியில் பிடித்துக் கடைசி வரி வரை ஒரு சொல் விடாமல் வாசிக்கிறார். பிறகு அடுத்த ஸ்லைடு. அதிலும் பன்னிரண்டு வரி. ஒரு மணி நேரம் இதே கதை. இதைப் பாடம் நடத்துவது என்று எப்படி மனசாட்சியோடு சொல்ல முடிகிறது?

நானும் பாடம் எடுக்கிற ஆள்தான். போர்ஷன் முடியவில்லை, தயாரிக்க நேரமில்லை, மேலிடத்தில் பிபிடி கேட்கிறார்கள் என்ற நெருக்கடி எல்லாம் எனக்கும் உண்டு. அதற்காக, எதிரே உட்கார்ந்திருக்கும் அறுபது பேரின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் இருக்கலாமா?

என்ன நடக்கிறது தெரியுமா? கண் வாசிக்கும் வேகத்துக்கு வாய் ஈடுகொடுக்காது. நீங்கள் இரண்டாவது வரியில் இருக்கும்போது அந்தப் பிள்ளை எட்டாவது வரிக்குப் போய்விட்டது. காதில் ஒரு வாக்கியம், கண்ணில் வேறொரு வாக்கியம். இரண்டுமே சொற்கள் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் பின்தொடர முடியாது. ஒன்றைக் கைவிட்டாக வேண்டும், கைவிடப்படுவது பெரும்பாலும் உங்கள் குரல்தான்.

இது என் கற்பனை இல்லை. உளவியல் ஆய்வாளர் ரிச்சர்ட் மேயரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. மின்னல் எப்படி உருவாகிறது என்று ஒரு அனிமேஷனைக் குரல் விளக்கத்தோடு கல்லூரி மாணவர்களுக்குக் காட்டினார்கள். சிலருக்கு அதோடு திரையில் எழுத்தும் ஓடியது. அந்த எழுத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள். படித்ததைப் புதிய கேள்விகளுக்குப் பயன்படுத்துவதிலும் பின்தங்கினார்கள். சுவைக்காகச் சேர்த்த துணுக்குத் தகவல்களும் அதே கெடுதலைத்தான் செய்தன. கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்னும் ஸ்லைடு நிறைய எழுதினால்தான் உழைத்ததாக அர்த்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்துப் பார்க்கக்கூடியது மிகக் கொஞ்சம். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் ஏறத்தாழ ஏழு விஷயம் என்றார். இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் அதையும் குறைத்து, நான்குக்குப் பக்கத்தில்தான் என்றார். அந்த நான்கு இடத்துக்குள் பன்னிரண்டு வரியையும், ஓரத்தில் சுழல்கிற ஜிஃப் படத்தையும், ஒவ்வொரு வரியும் பறந்துவந்து உட்காரும் அனிமேஷனையும் திணிக்கிறோம். பிறகு "கவனமே இல்லை" என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம்.

இதயம் பற்றிய பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு: "இதயத்தின் அமைப்பு". இதில் என்ன தெரிந்துகொண்டோம்? ஒன்றுமில்லை. கீழே இடப்பக்கம் ஒரு படம், அதில் 1 முதல் 10 வரை எண்கள். வலப்பக்கம் பொடி எழுத்தில் 1 என்றால் இது, 2 என்றால் அது என்று பட்டியல். பிள்ளையின் கண் எண்ணைப் பார்த்துவிட்டுப் பட்டியலுக்கு ஓடுகிறது, பெயரைப் பிடித்துக்கொண்டு படத்துக்குத் திரும்புகிறது, அதற்குள் எந்த எண் என்பது மறந்துபோகிறது. இருக்கிற கொஞ்ச சக்தியும் இந்த அலைச்சலிலேயே தீர்கிறது.

அதே ஸ்லைடின் தலைப்பில் சொல்லவந்த விஷயத்தையே எழுதுங்கள்: "உடல் முழுக்க ரத்தத்தைத் தள்ள வேண்டியிருப்பதால் இடது வெண்ட்ரிக்கிளின் (கீழறையின்) சுவர் தடிமனாக இருக்கிறது." கீழே இதயத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று, திரை நிறைய. பெயர்கள் அந்தந்த உறுப்பின் மேலேயே இருக்கட்டும். இடது சுவருக்கு ஒரு அம்பு, வலது சுவருக்கு ஒரு அம்பு. சிவப்பு, நீலம் என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கலாம். மற்றதெல்லாம் உங்கள் வாயிலிருந்து வரட்டும். பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ள வலதுக்கு இவ்வளவு பலம் போதும், தலை முதல் கால் வரை தள்ள இடதுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமன் வேண்டியிருக்கிறது என்று நீங்கள் சொல்லும்போது பிள்ளையின் கண் அந்தச் சுவரிலேயே இருக்கும். காதும் கண்ணும் ஒரே விஷயத்தில் நிற்கும். ஸ்லைடு இருப்பதே இதற்குத்தான்!

தமிழில் ஸ்லைடு போடுகிறவர்களிடம் தனியாக ஒரு கோபம் இருக்கிறது. நம் சொற்கள் நீளம். பெட்டிக்குள் அடங்கவில்லை என்றால் பவர்பாயிண்ட் தானாகவே எழுத்தைச் சுருக்கிக்கொண்டே போகும். நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் புள்ளி மறைந்து போயிருக்கும், ண எது ன எது என்று தெரியாது. போதாக்குறைக்கு, வீட்டுக் கணினியில் இருந்த ஃபாண்ட் வகுப்புக் கணினியில் இல்லாமல் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். முந்தின நாளே பிடிஎஃப்பாகவும் ஒன்று சேமித்து வைத்தால் முடிந்த விஷயம்.

ஸ்லைடு சரியில்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2003-இல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரைப் பலிகொண்ட கொலம்பியா விண்கல விபத்தை விசாரித்த குழு, அந்தப் பயணத்தின்போது நாசாவில் காட்டப்பட்ட ஒரு ஸ்லைடைத் தன் அறிக்கையில் பிரித்து வைத்தே விமர்சித்தது. ஏவியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்துவந்து விண்கலத்தின் மேல் மோதிய நுரைத்துண்டின் மதிப்பிட்ட அளவு 1920 கன அங்குலம். சோதனைகளில் பயன்படுத்தியதோ 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. இந்தத் தகவல் எங்கே இருந்தது? ஸ்லைடின் ஆகக் கீழே, சின்ன எழுத்தில். மேலே இருந்த தலைப்போ பயமில்லை என்ற தொனியில். விபத்துக்கு அந்த ஸ்லைடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. முக்கியமானதைப் புல்லட் வரிசையின் அடியில் புதைத்தால் கைதேர்ந்த பொறியாளர்களின் கண்ணுக்கே தப்புகிறது என்றால், பதினாறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

"எல்லாம் ஸ்லைடில் இருந்தால்தானே வகுப்புக்கு வராதவர்கள் படிப்பார்கள்" என்கிறார்கள். இங்கேதான் எல்லாமே கெட்டுப்போகிறது. ஒரே ஃபைல் ஆசிரியருக்கு நினைவுக்குறிப்பாகவும், மாணவருக்கு நோட்ஸாகவும், வகுப்பில் பார்க்கும் படமாகவும் இருக்க வேண்டும் என்றால் மூன்றுக்குமே உதவாது. உங்களுக்கு வேண்டியதை ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் நோட்ஸ் பகுதியில் எழுதுங்கள், அது திரையில் தெரியாது. மாணவருக்கு இரண்டு பக்கம் ஒழுங்காக எழுதித் தனியாகக் கொடுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு அந்த இரண்டு பக்கத்தை முன்கூட்டியே கொடுங்கள். ஆனால் ஒரு கவிதை வரியை அலச வேண்டும், ஒரு சமன்பாட்டைப் படிப்படியாக விளக்க வேண்டும் என்றால் அந்த எழுத்து திரையில் இருந்தே ஆக வேண்டும். அங்கே எழுத்துதான் பார்க்கவேண்டிய பொருள்.

கடைசியில் வரும் அந்த "நன்றி" ஸ்லைடு. பூங்கொத்து, கைகூப்பிய படம். பாடத்தின் மிக மதிப்புள்ள இரண்டு நிமிடம் அதில் போகிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் காட்டினார்கள்: ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம். பூங்கொத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்வி போடுங்கள்: "ஒருவருக்கு வலது வெண்ட்ரிக்கிளின் சுவர் வரவரத் தடித்துக்கொண்டே போகிறது. எந்தப் பக்க ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும், ஏன்?" திரையில் வேறெதுவும் வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும் வரை நீங்கள் பேசாதீர்கள்.