எராஸ்மஸ்: இரட்டைக் கட்டணம் கிடையாது
எராஸ்மஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டம். “எராஸ்மஸ் திட்டத்தில் ஒரு பருவம் வெளிநாடு செல்லும் வணிக மேலாண்மை மாணவர் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் கட்டணம் கட்ட வேண்டும், ஓர் ஆண்டும் வீணாகும்” என்று சிலர் எழுதுவது தவறு. 1987-இல் தொடங்கிய இத்திட்டத்தில் வரவேற்கும் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணமோ தேர்வுக் கட்டணமோ வாங்கக் கூடாது. காப்பீடு, மாணவர் சங்கம் போன்ற சிறு தொகைகளை மட்டும், உள்ளூர் மாணவர்களிடம் வாங்குவதுபோல வாங்கலாம். சொந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கமான கட்டணம் தொடரலாம், அவ்வளவுதான்.

ஆண்டும் வீணாகாது. புறப்படும் முன்பே மாணவரும் இரு பல்கலைக்கழகங்களும் கற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். அதிலுள்ள பாடங்களில் தேறினால் அவை சொந்தப் பட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். அங்கே போய்ப் பாடத்தை மாற்றினால் ஒப்பந்தத்தையும் உடனே திருத்திவிட வேண்டும்.

உண்மையான சுமை வாடகைதான். டப்ளின், பாரிஸ் போன்ற நகரங்களில் இத்திட்டம் தரும் உதவித்தொகை பெரும்பாலும் போதாது. அதை எச்சரியுங்கள்; இல்லாத கட்டணத்தைச் சொல்லி வசதி குறைந்த பிள்ளைகளை விண்ணப்பிக்கவிடாமல் தடுக்காதீர்கள்.